தரம் 6 பிள்ளைக்கு எச்.பி.வி. ஊசி: தாளில் கையெழுத்துப் போடலாமா?

உடுவில் அம்மா (செவ்வாய், இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை மகளின் கணக்குக் கொப்பிக்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப் போகிறார்களாம், பெற்றோர் சம்மதம் வேண்டுமாம். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. ஏன், எதற்கு, எத்தனை ஊசி என்று விளங்குகிற மாதிரி ஒன்றும் இல்லை. "மனித பப்பிலோமா வைரசு (எச்.பி.வி.)" என்ற சொல்லை மாமி கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இதென்ன கூத்து, பிள்ளை இன்னும் சாமத்தியப்படவே இல்லை, கருப்பைக்கு ஊசியாம்" என்றார். என் கணவர் வேலையால் வந்து, "உமக்குச் சரியெண்டாப் போடும்" என்று என் தலையில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

தாள் நாலு நாளாகச் சாமி அறையில் திருநீற்றுக் குட்டானுக்குக் கீழே கிடக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு முதல் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளைக்குப் போட்ட ஆட்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பனையோலை (செவ்வாய், இரவு 9.52)

போடுங்கோ. என் மகளுக்கு 2019இல் போட்டது. ஒரு நாள் கை நொந்தது, அவ்வளவுதான்.

வல்லைவெளிக் காற்று (செவ்வாய், இரவு 10.15)

கொஞ்சம் பொறுங்கள். எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. இந்தியாவில் இதே ஊசி போட்டு 7 பிள்ளைகள் செத்தார்களாம். இதை ஏன் ஒருவரும் கதைப்பதில்லை? ஏற்கெனவே குறைந்து போகிற சனம் நாங்கள். கருப்பையோடு சம்பந்தப்பட்ட ஊசி என்றால் எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். பதிவையும் இணைத்திருக்கிறேன்.

மட்டுறுத்துனர் (செவ்வாய், இரவு 10.31)

குரல் பதிவை எடுத்துவிட்டேன், யார் பேசுகிறார் என்றே தெரியவில்லை. கேள்வி இருக்கட்டும், அது நியாயமான கேள்வி.

ஓய்வுபெற்ற மிட்வைஃப் (புதன், காலை 5.50)

தங்கச்சி, வலிகாமத்தில் 31 வருசம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவள் நான். முதலில் மாமிக்கு மறுமொழி. அவர் கேட்டது பிழையான கேள்வி இல்லை. பிள்ளை சாமத்தியப்பட முதல் ஏன் என்றால், முதல் என்பதால்தான். இந்த வைரஸ் உடம்புக்குள் வந்த பிறகு ஊசி அதைத் துரத்தாது. வருவதற்கு முதல் காவல் வைக்க வேண்டும். அந்த வயதில் உடம்பு ஊசிக்கு நன்றாகவும் வேலை செய்யும். பிறகு, இது கையில் போடுகிற ஊசி. கருப்பைக்குக் கிட்டவும் போகாது.

எச்.பி.வி. என்பது பெரிய குடும்பம், நூற்றுக்கு மேல் வகை. கையில் வருகிற மருவும் அந்தக் குடும்பம்தான். அதில் 16, 18 என்ற இரண்டு வகையும்தான் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் 70 வீதம் அளவுக்குக் காரணம். இந்த வைரஸ் கலியாணம் கட்டின பெண்களில் பெரும்பாலானோருக்கு ஒரு கட்டத்தில் வந்து போயிருக்கும். உடம்பே ஒன்றிரண்டு வருசத்தில் துடைத்து எறிந்துவிடும். எறியாமல் தங்கிவிடுகிற சிலருக்குத்தான் 15, 20 வருசம் மெல்ல மெல்ல அரித்துப் புற்றாகிறது. 11 வயதில் போடுகிற ஊசி 35, 40 வயதுக்கானது. அதுதான் எங்கள் ஆட்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஊசிக்குள் வைரஸ் இல்லை. அதன் வெளிக்கூடு மாதிரிச் செய்த புரதம் மட்டும்தான். சிரட்டையை நட்டால் தென்னை முளைக்காது.

வல்லைவெளித் தம்பிக்கு. நீர் கேட்டது உண்மையாக நடந்த விசயம், பாதி சொல்லப்பட்டது. 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் ஒரு செயல்திட்டமாகப் போட்டார்கள். 7 பிள்ளைகள் இறந்ததும், 2010 ஏப்ரலில் நிறுத்தியதும் சரி. விசாரித்தபோது ஒரு பிள்ளை தண்ணீரில் மூழ்கி, ஒரு பிள்ளை பாம்பு கடித்து, பூச்சிமருந்து குடித்து, மலேரியாவால் என்று காரணங்கள் வந்தன. ஊசியால் என்று ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் வேறொரு பிழை பிடிபட்டது. விடுதியில் இருந்த பல பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிப் பொறுப்பாளர்களே கையெழுத்து வைத்திருந்தார்கள். 2013இல் அவர்களின் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. குற்றம் ஊசியில் இல்லை, கையெழுத்தில். ஆகவே இந்தத் தங்கச்சி நாலு நாள் தாளை வைத்து யோசிப்பதை நான் குறை சொல்லமாட்டேன்.

வல்லைவெளிக் காற்று (புதன், காலை 7.20)

அம்மா, விளக்கத்துக்கு நன்றி. சனத்தொகைக் கதைக்கு என்ன சொல்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற மிட்வைஃப் (புதன், காலை 7.41)

2017இல் ஒன்பது மாகாணத்திலும்தான் தொடங்கியது. மாத்தறைப் பிள்ளைக்கும் மருதங்கேணிப் பிள்ளைக்கும் ஒரே மருந்து. எங்கள் சனம் அரசாங்கத் தாளைக் கண்டால் சந்தேகப்படக் காரணம் இல்லாமல் இல்லை, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தச் சந்தேகத்தை இந்த ஊசியில் தீர்த்தால் நட்டம் எங்கள் பிள்ளைகளுக்கு. 2017 வரைக்கும் உலகத்தில் 27 கோடி டோஸுக்கு மேல் அனுப்பியிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு அந்த வருசம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மலட்டுத்தன்மைக்கு ஒரு தொடர்பும் இல்லை என்றே சொன்னது.

மருத்துவபீடத்துப் பெடியன் (புதன், காலை 8.05)

ஜப்பானையும் சேர்த்துச் சொல்லலாம். 2013இல் பத்திரிகைகளில் பக்கவிளைவுக் கதைகள் வந்ததும் அரசாங்கம் ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. 70 வீதம் அளவில் இருந்த எண்ணிக்கை 1 வீதத்துக்கும் கீழே விழுந்தது. திரும்பப் பரிந்துரைக்க 2022 ஏப்ரல் வரை எடுத்தது. மற்றப் பக்கம் ஸ்கொட்லாந்து: 2008இல் பள்ளிக்கூடங்களில் தொடங்கினார்கள், 2024இல் வந்த ஆய்வில் 12, 13 வயதில் முழுமையாகப் போட்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்று காணப்படவில்லை. இந்த வைரஸுக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

பனையோலை (புதன், காலை 8.30)

நோபல் பரிசை மாமியிடம் சொல்லிப் பாருங்கோ. 😄

உடுவில் அம்மா (புதன், மதியம் 1.10)

மாமிக்கு சிரட்டைக் கதையைச் சொன்னேன். "அப்ப சரி" என்றார், நோபல் தேவைப்படவில்லை. 🙂

ஆனால் இன்னொரு சிக்கல். மகள் கேட்கிறாள், "அம்மா, இது என்னத்துக்குப் போடுற ஊசி?" இது எப்படித் தொற்றும் என்று நான் அவளுக்கு என்னென்று சொல்வது? பதினொரு வயது.

தீவக ரீச்சர் (புதன், பிற்பகல் 3.25)

அதைச் சொல்லத் தேவையே இல்லை. ஹெப்பற்றைற்றிஸ் பி இரத்தத்தாலும் உடலுறவாலும் பரவுவது. அதற்கான மருந்து பிள்ளைக்கு இரண்டு, நாலு, ஆறு மாதத்தில் போடுகிற ஐந்து நோய் ஊசிக்குள் இருக்கிறது. அப்போது நீங்கள் ஒருவருக்கும் விளக்கம் சொன்னீர்களா? ஈரல் புற்று வராமல் இருக்க என்று தொடையில் குத்தினார்கள், நாங்களும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தோம். நான் வகுப்பில் சொல்வது இவ்வளவுதான்: "பெரிய ஆளாகின பிறகு வரக்கூடிய ஒரு புற்றுநோயை இப்பவே தடுக்கிற ஊசி." பிள்ளைகளின் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: நோகுமா?

நோகும் என்றே சொல்லுங்கள். நோகாது என்று சொல்லி நோந்தால் இரண்டாவது ஊசிக்குப் பிள்ளை வராது. காலையில் சாப்பிட்டுவிட்டு அனுப்புங்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வருசம் வெறுவயிற்றோடு வந்த பிள்ளை வரிசையில் தலைசுற்றி விழ, பின்னால் நின்ற நாலு பேரும் அழத் தொடங்கிவிட்டார்கள். ஊசி போட்ட பிறகு கொஞ்ச நேரம் இருத்தி வைப்பதும் அதற்கும்தான்.

இனி எங்கள் பக்கத்துக் கதை. யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்கள் கையெழுத்தைப் பற்றி யோசிக்கிறீர்கள். நெடுந்தீவுக்கு முதலில் ஊசி வந்து சேர வேண்டும். குறிகட்டுவானில் இருந்து ஒரு மணித்தியாலப் படகு. சோளகம் பலமாக அடித்தால் படகு இல்லை. மருந்து 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். சூட்டுக்குத்தான் பயம் என்று நான் நினைத்திருந்தேன், இல்லையாம், உறைந்தாலும் மருந்து பழுதாம். குளிரூட்டியில் இருந்து எடுத்த ஐஸ் பொதியை உடனே பெட்டிக்குள் வைக்கமாட்டார்கள். மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காதுக்குக் கிட்டப் பிடித்துக் குலுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர் ஆடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுக்குவார்கள். அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குமுதினிப் படகில் வந்து இறங்கிய மருத்துவமாதைப் பார்த்திருக்கிறேன். சாரி நனைந்திருந்தது, பெட்டி நனையவில்லை.

இரண்டாவது ஊசிதான் எங்களுக்கு வில்லங்கம். ஆறு மாதம் கழித்து வரும்போது பிள்ளை அதே பள்ளிக்கூடத்தில் இருக்கமாட்டாள். ரவுணில் பெரிய பள்ளிக்கூடம் கிடைத்து, சித்தி வீட்டில் நிற்கப் போய்விடுவாள். இங்கே இடாப்பில் பெயர் இல்லை, அங்கே ஊசிப் பட்டியலில் பெயர் இல்லை. நாட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறுகிற வயது எது என்று கேட்டுத்தான் தரம் 6ஐத் தெரிந்தார்களோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

ஓய்வுபெற்ற மிட்வைஃப் (புதன், மாலை 6.15)

ரீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. இரண்டாவது ஊசி தவறிய பிள்ளைகளின் பெற்றோர் யாராவது வாசித்தால்: முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்தில் தொடரலாம். பிறந்தபோது கொடுத்த சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனைக்குப் போங்கள். பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்புக் கொப்பி, அலுமாரியில் கலியாணச் சாரிக்குக் கீழே இருக்கும், எனக்குத் தெரியும். 9 முதல் 20 வயது வரையானவர்களுக்கு ஒரு டோஸே போதுமானதாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆகவே ஒன்று போட்டு ஒன்று தவறியது என்று பதறவும் வேண்டாம்.

ஸ்காபரோ மாமா (புதன், இரவு 8.40)

இங்கே ஒன்ராறியோவில் தரம் 7இல் போடுகிறார்கள், பெடியளுக்கும் சேர்த்து. அங்கே ஏன் பெட்டையளுக்கு மட்டும்? இன்னொன்று, எங்கள் ஊர்ச் சங்கத்தில் கொஞ்சக் காசு நிற்கிறது. பெண்களுக்கு ஒரு புற்றுநோய்க் கட்டடம் கட்டித் தரலாமா என்று கதைக்கிறோம்.

மருத்துவபீடத்துப் பெடியன் (புதன், இரவு 9.05)

பெடியளுக்குப் போட்டால் நல்லதுதான், தொண்டைப் புற்றில் சிலவற்றுக்கும் இந்த வைரஸ் காரணம். கையில் உள்ள காசுக்கு முதலில் பெட்டையளை முழுக்கப் பிடிப்பது என்பதுதான் கணக்கு. பெண்பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்குப் போட்டுவிட்டால் வைரஸ் சுற்றுவது குறைந்து ஆண்களுக்கும் பாதி பாதுகாப்பு வந்துவிடும். (வெற்றிலை, பாக்கு, புகையிலையால் வருகிற வாய்ப்புற்றை இது தடுக்காது. தாத்தாமார் "எனக்கும் ஒன்று போடு" என்று கேட்பார்கள், அதனால் சொல்கிறேன்.)

பெயர் வேண்டாம் (புதன், இரவு 11.48)

இவ்வளவு நாளும் இங்கே வாசிக்க மட்டும்தான் வருவேன். இதை எழுத வேண்டும் போல இருக்கிறது.

அப்பா 2009இல் போய்விட்டார். அம்மா வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போய் எங்கள் மூன்று பேரையும் படிப்பித்தார். ஐம்பது தாண்டி, மாதவிடாய் நின்று இரண்டு வருசத்துக்குப் பிறகு இரத்தம் படத் தொடங்கியிருக்கிறது. எங்களுக்குச் சொல்லவில்லை. ராவில் கிணற்றடியில் துணி தோய்க்கிற சத்தம் கேட்கும், சூட்டுக்குக் குளிக்கிறாராக்கும் என்று நினைத்தேன். கடையில் "மகளுக்கு" என்று சொல்லி என் பெயரில் நாப்கின் பொதி வாங்கியிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும், கடைக்கார அக்கா செத்தவீட்டில் சொன்னா.

ஊருக்கு வருகிற கிளினிக்குக்கு ஒருநாள் போனாராம். ஒரு மண்டபம், நடுவில் கயிற்றில் சாரி கட்டி மறைப்பு. மறைப்புக்குக் கீழே பக்கத்து வீட்டுக்காரியின் செருப்புத் தெரிந்ததாம். வெளியில் நின்ற ஒருத்தி, "புருசன் இல்லாத ஆளுக்கு இங்கே என்ன வேலை, குடும்பக் கட்டுப்பாடே?" என்று பகிடி விட்டிருக்கிறாள். அம்மா திரும்பி வந்துவிட்டார். ஒன்றரை வருசம் கழித்து நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது சிறுநீர்ப்பை வரை பரவியிருந்தது. கதிர்ச் சிகிச்சைக்கு மகரகமவுக்கு ராப் பஸ்ஸில் போய் வந்தோம். 52 வயது. ஊருக்கு "வயிற்றில் கட்டி" என்றுதான் சொன்னோம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

பனையோலை (வியாழன், காலை 6.05)

😔

ஓய்வுபெற்ற மிட்வைஃப் (வியாழன், காலை 6.30)

பிள்ளை, எழுதியதற்கு நன்றி. அந்த மறைப்புச் சாரிகளில் இரண்டொன்று நானும் கட்டியதுதான். எழுதாமல் விடக்கூடாது என்று எழுதுகிறேன்.

சுகவனிதையர் கிளினிக் 1996இல் இருந்து நாட்டில் நடக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் பப் ரெஸ்ட் (கருப்பைக் கழுத்தில் தொட்டெடுத்துச் சோதிப்பது) எடுக்க வேண்டும், இலவசம். பிரசர், சீனி, மார்பு எல்லாம் அங்கேயே பார்ப்பார்கள். ஆனால் எங்கள் ஆட்களின் மனதில் அது "குடும்பக் கட்டுப்பாட்டு இடம்". கணவனை இழந்த பெண்கள் இத்தனை பேர் இருக்கிற மாவட்டத்தில் அந்த ஒரு பெயரே பாதிப் பேரைத் தடுத்துவிடுகிறது. கிழமை நாளில் காலையில் வைத்தால் கூலிக்குப் போகிறவள் ஒருநாள் சம்பளத்தை விட வேண்டும். முடிவு வர மாதக்கணக்காகி, வந்ததை ஒருவரும் சொல்லாமல் கோப்புக்குள் கிடந்து பழையதான கதையும் கண்டிருக்கிறேன்.

மகள்மாருக்குப் போடுகிற ஊசி இன்னும் 20, 25 வருசத்துக்குப் பிறகு பலன் தரும். தாய்மாருக்கு ஊசி இல்லை, ரெஸ்ட்தான். பிள்ளை தரம் 6 என்றால் தாய்க்கு எத்தனை வயது? முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில்தான் பெரும்பாலும். அந்தத் தாள் வீட்டுக்கு வரும்போது இரண்டு பேருக்குமான நாள் அது. எங்கள் தாளில் பிள்ளையின் பெயருக்கு மட்டும்தான் கோடு இருக்கிறது.

மருத்துவபீடத்துப் பெடியன் (வியாழன், காலை 7.15)

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வைத்த இலக்கு 90-70-90. 2030க்குள் 15 வயதுக்கு முதல் 90 வீதப் பெண்பிள்ளைகளுக்கு ஊசி, 35இலும் 45இலும் 70 வீதப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 வீதத்துக்குச் சிகிச்சை. முதல் 90 பள்ளிக்கூடத்துக்குள் நடக்கிறது, பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். நடுவில் இருக்கிற 70 தான் மண்டபத்துக் கயிற்றுச் சாரியில் தொங்குகிறது. பெண்ணே தனியறையில் தானாக மாதிரி எடுத்துக் கொடுக்கிற எச்.பி.வி. பரிசோதனையை 2021இல் அவர்கள் பரிந்துரைத்துவிட்டார்கள். எங்கள் ஊர்களுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் எண்ணம்.

தீவக ரீச்சர் (வியாழன், பிற்பகல் 2.50)

ஸ்காபரோ மாமா, கட்டடம் வேண்டாம். தெல்லிப்பழையில் புற்றுநோய்ப் பிரிவுக்காக 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்தார்கள், கட்டடம் வந்தது, நன்றி சொல்கிறோம். இப்போது தேவை கட்டடத்துக்கு வருகிற வழி. ஒரு சனிக்கிழமைக்கு ஒரு சின்ன பஸ், மண்டபத்துக்கு மரச் சட்டம் போட்ட மறைப்பு, கதவு பூட்டு ஒன்று. கூலிக்குப் போகிற ஆளுக்கு அன்றையச் சம்பளம். கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாத செலவுகள், அதுதான் ஒருவரும் கொடுப்பதில்லை.

ஸ்காபரோ மாமா (வியாழன், இரவு 9.20)

விளங்குது ரீச்சர். பூட்டுக்கும் ரசீது வேண்டும் என்பார்கள் எங்கள் பொருளாளர், ஆனால் கதைக்கிறேன். 🙏

உடுவில் அம்மா (வியாழன், இரவு 10.05)

கையெழுத்துப் போட்டுவிட்டேன். "பெயர் வேண்டாம்" எழுதியதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, பேனாவை எடுத்துத் தந்தார்.

எனக்கு 38. ஒருநாளும் போனதில்லை.

ஓய்வுபெற்ற மிட்வைஃப் (வெள்ளி, காலை 5.40)

அப்ப மூன்று வருசம் பிந்திவிட்டீர். பிந்தினால் பரவாயில்லை. மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம், மற்ற எந்தக் கிளினிக் நாளும் சரி. ஊசி போட்ட பிள்ளைகளும் பெரியவர்களானதும் இந்த ரெஸ்ட் எடுக்கத்தான் வேண்டும், ஊசி எல்லா வகை வைரஸையும் தடுக்காது. இடையில் இரத்தம் படுவது, நாற்றமுள்ள வெள்ளை, உறவுக்குப் பிறகு இரத்தம், இதில் எது இருந்தாலும் 35, 45 என்று காத்திருக்காமல் நேரே டொக்டரிடம் போங்கள்.

உடுவில் அம்மா (இரண்டு கிழமைக்குப் பிறகு, சனி)

புதினம் சொல்ல வந்தேன். மகளுக்கு ஊசி போட்டாயிற்று. இடியப்பம் மூன்று சாப்பிட்டுவிட்டுப் போனாள், தலை சுற்றவில்லை. "நோந்தது, ஆனா நான் அழேல்ல, அவள்தான் அழுதவள்" என்று பக்கத்து வாங்குப் பிள்ளையைக் காட்டிக் கொடுத்தாள்.

நான் வருகிற புதன்கிழமை போகிறேன். அடுத்த வீட்டு அக்காவும் வருகிறா, அவவுக்கு 46, புருசன் இல்லை. வாசலில் யார் நின்றாலும் நானே முன்னால் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு கேள்விதான். என்ன உடுத்திக்கொண்டு போவது?

ஓய்வுபெற்ற மிட்வைஃப் (சனி, இரவு 7.10)

சாரி, இல்லாவிட்டால் அகலமான பாவாடை. சுடிதார் வேண்டாம், முழுக்கக் கழற்ற வேண்டி வரும். கருப்பைக் கழுத்தில் தொட்டெடுத்துச் சின்னக் கண்ணாடித் தட்டில் தடவுவார்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. முடிவு எப்போது வரும், யாரிடம் கேட்பது என்று திகதியோடு கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டு வாரும். அந்த அக்காவுக்கும் சேர்த்து.